அப்பா அம்மாவுக்கு எந்த வாஷிங் மெஷின்: செமியா, ஃபுல்லியா?

விலையைப் பார்த்தால் செமி ஆட்டோமேட்டிக்தான். குமிழைத் திருகினால் ஓடும். அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வராத நாளில் பக்கெட்டில் மொண்டு ஊற்றியும் துவைக்கலாம்.

சிக்கல் துவைத்த பிறகுதான். ஈரத்தில் கனக்கும் பெட்ஷீட்டைத் தூக்கிப் அதே மெஷினில் பக்கத்தில் உள்ள, பிழியும் டிரையரில் போட வேண்டும். ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டால் மெஷின் கடகடவென்று ஆடும்; திறந்து மறுபடி அமுக்க வேண்டும். அலசும்போது தண்ணீரை விடுவதும் வடிப்பதுமாகப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எழுபது வயதில், இடுப்பு வலியோடு, இதில் பெரிதாக என்ன வேலை மிச்சமாகிறது?

டாப் லோடு ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கில் மேலிருந்து துணியைப் போட்டு மூடி, ஸ்டார்ட் செய்தால், பிழிந்து முடிப்பது வரை அதன் பாடு. பயமுறுத்துவது பட்டன்கள்தான். எங்கள் வீட்டில் தங்கை பவர் பட்டனில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு, ஸ்டார்ட்டில் பச்சைப் பொட்டு வைத்தாள். "முதல்ல சிவப்பு, அப்புறம் பச்சை. மத்ததைத் தொடாதீங்கம்மா." அவ்வளவுதான் பாடம். அப்பா மட்டும் நடுவில் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். மெஷின் நின்று கத்தும்.

வீட்டின் மேல்தொட்டி உயரம் குறைவாக இருந்தால் தண்ணீர் மெதுவாக வரும்; மெஷின் எரர் காட்டும். வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் ஊர் என்றால், குழாய் சேரும் இடத்தில் உள்ள சின்ன வலையும் அடைத்துக்கொள்ளும். கழற்றிக் கழுவுவது பிள்ளைகள் வேலை.

முன்பக்கக் கதவு வழியாகத் துணி போடும் ஃப்ரண்ட் லோடுக்குக் குனிய வேண்டும். சரி, அது வேண்டாம். தண்ணீர் அழுத்தம் போதுமென்றால் என் ஓட்டு டாப் லோடுக்கே.