இம்போர்ட்ல எக்ஸ்டென்ஷன் விடாம எழுத வைக்கிற ரூல்: இஎஸ்லிண்ட் பிளகின் என், ஆறு மாச அனுபவம்

நோட்ல, அதாவது ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளிய ஓட்டற நோட்.ஜேஎஸ்ல, வேலை பாக்கறவங்க எல்லாரும் இந்த பிளகினை போட்டுப் பாருங்க. இஎஸ்லிண்ட்ங்கறது கோடை ஓட்டாமலே படிச்சு தப்பு காட்டற டூல், அதுல கூடுதல் ரூல் சேக்கறதுதான் பிளகின். பழைய இஎஸ்லிண்ட் பிளகின் நோட் அப்டேட் இல்லாம நின்னு போனதும் கம்யூனிட்டி ஃபோர்க் பண்ணி, அதாவது காப்பி எடுத்து தனியா வளத்தது இது. உள்ள நிறைய ரூல் இருக்கு, நான் சொல்ல வந்தது ஃபைல் எக்ஸ்டென்ஷன் இன் இம்போர்ட்ங்கற ஒண்ணைப் பத்தி மட்டும்தான். இம்போர்ட்னா வேற ஃபைல்ல இருக்கற கோடை உள்ள கொண்டு வர்ற வரி, எக்ஸ்டென்ஷன்னா ஃபைல் பேர் முடிவுல வர்ற .ஜேஎஸ் மாதிரி வால், அதை விடாம எழுத வைக்கறதுதான் இந்த ரூல்.

எங்க ப்ராஜெக்ட் பழசு, பல பேர் கை பட்டது. ஒருத்தர் ஃபைல் பேரோட நிறுத்திடுவார், இன்னொருத்தர் .ஜேஎஸ் சேத்து எழுதுவார், மூணாவது ஆள் வெறும் ஃபோல்டர் பேரைக் குடுத்துட்டு உள்ள இருக்கற இண்டெக்ஸை நோட்டே எடுத்துக்கும்னு விட்டுடுவார், இம்போர்ட்டுக்கு முன்னாடி நோட்ல இருந்த பழைய முறையான ரிக்கொயர் இருந்த வரைக்கும் மூணுமே ஓடுச்சு ஏன்னா அது .ஜேஎஸ், .ஜேசன், .நோட்னு வரிசையா ஒட்டி ஒட்டிப் பாக்கும். இம்போர்ட் எழுதற புது முறையான இஎஸ் மாட்யூலுக்கு மாறின அன்னைக்கு எல்லாம் நின்னுபோச்சு. இம்போர்ட் அப்படித் தேடாது, பிரவுசர் மாதிரி எழுதின பாதையை அப்படியே எடுத்துக்கும், அங்க ஃபைல் இல்லன்னா மாட்யூல் நாட் ஃபவுண்ட்னு எரர். ஒண்ணை சரி பண்ணி ஓட்டினா அடுத்த ஃபைல்ல அதே எரர், ராத்திரி பதினொரு மணி வரைக்கும் இதே வேலை.

நோட்டை உருவாக்கின ரயன் டால் 2018ல ஜேஎஸ்கான்ஃப் இயூ மேடையில, எக்ஸ்டென்ஷன் இல்லாம ரிக்கொயர் பண்ண விட்டதுக்கு வருத்தப்படறேன்னு சொன்னார். அவர் நோட்டுக்கு அப்புறம் உருவாக்கின, அதே வேலை பண்ற டீனோல அதனாலதான் முழுப் பேரும் எழுதியே ஆகணும்.

ரூலை ஆல்வேஸ்னு (எக்ஸ்டென்ஷன் எப்பவும் வேணும்னு) வெச்சு, தானா திருத்தற ஃபிக்ஸ் ஆப்ஷனைக் குடுத்து ஓட்டினேன், நான் கையால தேடிட்டு இருந்த இடத்தையெல்லாம் அதுவே திருத்திடுச்சு. டிஸ்க்ல ஃபைல் நிஜமா என்ன பேர்ல இருக்குன்னு பாத்துட்டுத்தான் ஒட்டுது, கண்ணை மூடிட்டு .ஜேஎஸ் போடல. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

டைப்ஸ்கிரிப்ட் (.டிஎஸ் ஃபைல்ல எழுதி ஜாவாஸ்கிரிப்டா மாத்தற மொழி) ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. .டிஎஸ் ஃபைலை இம்போர்ட் பண்ணும்போது .ஜேஎஸ்னு எழுதறது முதல்ல யாருக்கும் ஒட்டாது, ஆனா கம்பைல் ஆன பிறகு அங்க இருக்கப் போறது .ஜேஎஸ்தானே. பாதையை எப்படித் தேடணும்னு சொல்ற மாட்யூல் ரெசல்யூஷன் செட்டிங் நோட்நெக்ஸ்ட்ல இருந்தா, எக்ஸ்டென்ஷனை விட்டா கம்பைலரே எரர் குடுக்கும், டைப்ஸ்கிரிப்ட் 5.0ல வந்த பண்ட்லர் மோட்ல இருந்தா ஒண்ணும் சொல்லாது, அந்த மாதிரி கோடுக்குத்தான் ரூல் ரொம்ப தேவை.

குறையும் இருக்கு. ரிக்கொயரைப் பாக்காது, பாதி ரிக்கொயர் பாதி இம்போர்ட்னு இருக்கற கோட்ல ரிக்கொயர் பக்கம் அப்படியேதான் கிடக்கும். அங்க இஎஸ்லிண்ட் பிளகின் இம்போர்ட்ங்கற வேற பிளகின்ல இருக்கற எக்ஸ்டென்ஷன்ஸ் ரூல் நல்லது, இக்னோர் பேக்கேஜஸ்னு வெச்சா வெளி பேக்கேஜை விட்டுட்டு நம்ம ஃபைலை மட்டும் பாக்கும். அப்புறம் வேரியபிள் சேத்து கட்டற டைனமிக் இம்போர்ட், டெஸ்ட்ல ஜெஸ்ட் மாக்குக்குள்ள (நிஜ ஃபைலுக்கு பதிலா போலி வைக்கறது) குடுக்கற பாதை, இதெல்லாம் கண்ணுல படாது, நீங்கதான் தேடணும்.

5க்கு 4. போடறவங்க வார்னிங்கா வெக்காதீங்க, எரராவே வெச்சு, கோடு சேரும்போதெல்லாம் தானா செக் பண்ற சிஐல ஓட விடுங்க, எங்க டீம்ல வார்னிங்கா இருந்த ரெண்டு வாரமும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ஃபிக்ஸ் பண்ணினதை தனி கமிட்டா போடுங்க, வேற மாத்தத்தோட கலந்தா ரிவ்யூ பண்றவங்க பாவம்.