சோளகத்தில் பழுதாகி மாரியில் நிற்கும் வண்டி

ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்த மறுநாள், கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ எந்தக் கராஜுக்குப் போனாலும் 100 சிசி வண்டிகள் வரிசையில் நிற்கும். எல்லாருக்கும் ஒரே முறைப்பாடு: “மழைக்குள்ள மிஸ் பண்ணி மிஸ் பண்ணி வந்திச்சுது, பிறகு நிண்டுட்டுது.” மழையில் நின்றபடியால் பழியும் மழையின் மேல்தான் விழுகிறது. ஏழெட்டு மாரி கண்ட காபரேற்றர் வண்டிகளைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலான கோளாறு ஆடி, ஆவணியிலேயே உள்ளே போய் இருந்துவிட்டது தெரியும்.

ஒட்டுசுட்டான், துணுக்காய், அக்கராயன் பக்கத்துக் கிரவல் பாதைகளில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் எழும்புவது மாவைப்போன்ற செம்புழுதி. அது பிளக்கின் தலையில் மாட்டும் பிளக் கப்பின் றப்பர் விளிம்புக்குள் போகும், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் கொயிலின் மேல் படியும், பெற்றோல் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் சேரும். காய்ந்திருக்கும்வரை எந்த இடைஞ்சலும் இல்லை. நனைந்தவுடன் அதே புழுதி மின்சாரம் கடத்தும் சேறாகிறது. இதோடு வண்டியின் வயதும் சேர்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அதனால் இங்கே ஓடும் வண்டிகளில் நிறையப் பத்து வயதைத் தாண்டியவை. அவற்றின் றப்பரும் வயரும் வெயிலில் வெடித்துக் கிடக்கின்றன.

மழையில் வண்டி நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளக் கப். பிளக்குக்குப் போகும் மின்னழுத்தம் 10,000 வோல்ற்றுக்கு மேல். அந்த அழுத்தம் லேசான வழி எங்கே என்று தேடும். கப்புக்குள் ஈரச்சேறு இருந்தால், பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வருவதை விட்டுவிட்டு, வெள்ளைப் பீங்கானின் வெளிப்புறத்தால் வழிந்து எஞ்சின் தலையில் இறங்கிவிடும். பீங்கானில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு ஒன்று இருந்தால் அது வந்த வழி அதுதான். துடைத்துப் போகாத கோடென்றால் பிளக்கையும் கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதில் உள்ள கோடு புதியதையும் கெடுத்துவிடும்.

சுடச்சுட ஓடி வந்த வண்டியில் குளிர்ந்த மழைத்தண்ணீர் அடிக்கும்போது கப்புக்குள் இருக்கும் காற்றுச் சுருங்கும். விளிம்பு இறுக்கமில்லை என்றால் சுருங்கும் காற்று வெளியே நிற்கும் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். ஓடும்போது நிற்காத வண்டி, முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட நிறுத்திவிட்டு வந்து உதைக்கும்போது அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

இதைப் புரட்டாசியிலேயே கண்டுபிடிக்கலாம். இருட்டிய பிறகு வண்டியை ஸ்ராட் பண்ணி ஓடவிட்டு, பூக்கன்றுக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலால் கொயில், வயர், கப் என்று ஒவ்வொன்றாகத் தூவல் அடித்துப் பாருங்கள். கசிவு இருக்கும் இடத்தில் நீலப் பொறி துள்ளும், எஞ்சின் தடுமாறும். கையை மட்டும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், அடி பலமாக விழும்.

வயரின் நுனி கறுத்திருந்தால் 5 மில்லிமீற்றர் வெட்டிவிட்டு, கப்பைத் திருகி மறுபடி இறுக்கினால் போதும். அதற்கு வயரில் நீளம் மிச்சம் இருக்க வேண்டும். இழுபட்டு நிற்கும் வயர் கிடங்கில் விழுந்து எழும்போது கழன்றுவிடும். கப்பின் தடையை மீற்றரில் பார்த்தால் பெரும்பாலானவை 5,000 ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. பூட்டும்போது றப்பர் விளிம்பின் உட்பக்கம் சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். வாசலின் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நாளாக ஆக றப்பரை ஊதவைத்துத் தளர்த்திவிடும். பழைய ரியூப்பில் ஒரு விரல் அகல வளையம் வெட்டி விளிம்புக்கு மேலால் போட்டுவிடுவது வன்னியில் பழகிய வழி. அது உண்மையிலேயே வேலை செய்கிறது.

பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். இரும்பு அரியும் வாள் அலகு கிட்டத்தட்ட அந்தத் தடிப்புத்தான். காய்ந்த நாளில் 0.9 இருந்தாலும் வண்டி ஓடிவிடும். ஈரத்தில் ஓடாது, இடைவெளி கூடினால் மின்சாரம் வேறு வழி தேடும்.

அடுத்தது பெற்றோலுக்குள் தண்ணீர். 2022 தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் கிடைத்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கானிலும் போத்தலிலும் சேர்த்துவைக்கும் பழக்கம் அப்போது வீடுகளுக்குள் வந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. உட்கிராமக் கடைகளில் போத்தலில் விற்கும் பெற்றோலும் உண்டு. மூடி சரியில்லாத போத்தல் மாரியில் ஈரம் வாங்கும். தண்ணீர் பெற்றோலோடு கலக்காது, பாரம் கூடியது என்பதால் ராங்கின் அடியில் போய்க் கிடக்கும். வழமையான நிலையில் பெற்றோல் எடுக்கும் குழாய் உயரமாக இருக்கும், றிசேவ் வழி அடிமட்டத்தில் இருக்கும். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடிய வண்டி, மாங்குளத்துக்கு இப்பால் ஆளில்லாத இடத்தில் றிசேவுக்குத் திருப்பியதும் நிற்பது இதனால்தான். அடியில் கிடந்த தண்ணீர் அத்தனையும் ஒரே முறையில் காபரேற்றருக்கு வந்துவிடும். மாரியில் றிசேவுக்குப் போகவிடாமல், ராங்கைப் பாதிக்கு மேல் வைத்திருப்பது நல்லது. பாதி வெறுமையான ராங்கின் உட்சுவரில் இரவுக் குளிருக்கு ஈரம் படியும் தொல்லையும் அதனால் குறையும்.

காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிகால் ஆணி உண்டு. பெற்றோல் திறப்பை மூடிவிட்டு அதைத் தளர்த்தி, வருவதை வெளிச்சம் ஊடுருவும் சோடாப் போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக உருளும். பிறகு திறப்பைத் திறந்து 100 மில்லிலீற்றர் அளவு ஓடவிட்டு, சுத்தமாக வந்ததும் ஆணியை இறுக்குங்கள். அதிகம் இறுக்க வேண்டாம், அலுமினியப் புரி உரிந்துவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது பெற்றோல் அதன்மேல் சிந்தக்கூடாது.

மூடி ராங்கோடு மட்டமாக இருக்கும் வண்டிகளில் மூடியைச் சுற்றிய பள்ளத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதிலிருந்து ஒரு குழாய் கீழே போகும். சோளகப் புழுதி அதைத்தான் முதலில் அடைக்கும். அடைபட்டால் மழைத்தண்ணீர் பள்ளத்தில் தேங்கி, றப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே இறங்கும். தூண்டில் தங்கூசியை விட்டு இழுத்தால் ஒரு நிமிட வேலை. பெரிய திருத்தங்களைவிட இந்த ஒரு நிமிடம் அதிகம் காப்பாற்றியிருக்கிறது.

கைபிடியில் எஞ்சினை நிறுத்த இருக்கும் கில் சுவிச்சுக்குள் தண்ணீர் போனால் எஞ்சின் திடீரென்று, சுவிச்சை அணைத்ததுபோல் நிற்கும். பத்துப் பன்னிரண்டு தடவை மாறி மாறித் தட்டினால் பெரும்பாலும் சரிவரும். சாவித் துவாரத்துக்கும் அதே குணம் உண்டு. பொறி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டியான சீடிஐயின் இணைப்பு வாய் மேலே பார்த்தபடி இருந்தால் கீழே பார்க்கத் திருப்பிக் கட்டுங்கள்.

எயார் ஃபில்டர் நனைந்தால் வண்டி உடனே நிற்காது. இழுவை குறையும், றேஸ் கொடுக்கக் கொடுக்க அடங்கும். கடதாசி ஃபில்டர் ஒருமுறை ஊறினால் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது, மாற்ற வேண்டும். ஸ்பொஞ் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, ஒயில் தடவிப் பிழிந்து போடலாம். பெட்டியின் அடியில் முனை மூடிய சிறு குழாய் தொங்கும், மழைக்குப் பிறகு அதைக் கழற்றித் தண்ணீரை வடியவிடுங்கள். காற்றுப் போகும் வாயைச் சொப்பிங் பையால் கட்டுவதைச் சில இடங்களில் காண்கிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். காற்றில்லாமல் பெற்றோல் கூடிப் பிளக் கரி பிடிக்கும், பை கிழிந்து உள்ளே இழுபட்டால் வேலை இன்னும் பெரிது.

தெருவோரத்தில் நின்றுவிட்டால் பார்க்கும் ஒழுங்கை, நின்ற விதமே சொல்லிவிடும். மிஸ் பண்ணிப் பண்ணி நின்றால் பொறிப் பக்கம். இழுவை குறைந்து, சோக் இழுத்ததும் கொஞ்சம் உயிர் வந்து பிறகு நின்றால் பெற்றோல் பக்கம். சுவிச் அணைத்ததுபோல் நின்றால் கில் சுவிச், சாவி, வயர் இணைப்பு. பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது இதை உறுதிப்படுத்தும். பெற்றோலில் நனைந்திருந்தால் பொறி இல்லை. காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. தண்ணீர்த் துளி இருந்தால் அடுத்து வரும் பகுதியை வாசிக்காமல் உதைக்க வேண்டாம். இதற்கு இருக்கைக்குக் கீழே ஒரு பிளக், ஒரு கப், உங்கள் பிளக்குக்குரிய சாவி (சின்ன வண்டிகளில் 16 அல்லது 18), 10ஆம் நம்பர் சாவி, ஸ்க்ரூ டிரைவர், பொலித்தீனில் சுற்றிய காய்ந்த பருத்தித் துணி என்பவை இருந்தால் போதும். துணி காய்ந்திருப்பதுதான் முக்கியம்.

குளங்கள் வான் பாயும் நாட்களில் மதகுகளுக்கும் பாலங்களுக்கும் மேலால் தண்ணீர் ஓடும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் அதைப் பெரிய அளவில் கண்டன. ஓடும் தண்ணீருக்குள் வண்டியை இறக்கவே கூடாது. வட்டுவாகல் போன்ற தாழ்ந்த பாலங்களில் விளிம்பு எது, பள்ளம் எது என்று தெரியாது. தேங்கிய தண்ணீர் என்றால் முதலில் நடந்து பாருங்கள். முன்சில்லின் அச்சுக்கு மேல் ஆழமானால் திரும்புவதே சரி. அதற்குக் குறைவென்றால் முதல் கியரில், றேஸைக் கூட்டி வைத்து, கிளச்சை அரைவாசி பிடித்தபடி மெதுவாகப் போங்கள். றேஸை விட்டாலோ நடுவில் கியர் மாற்றினாலோ சைலன்சரின் காற்றழுத்தம் குறைந்து தண்ணீர் ஏறும். காபரேற்றரின் மூச்சுக் குழாய் நுனி தண்ணீருக்குள் மூழ்கினாலும் எஞ்சின் பெற்றோல் இழுக்கமாட்டாமல் தவிக்கும். அந்தக் குழாய்களில் ஒன்றையாவது மேலே தூக்கி ராங்குக்கு அடியில் கட்டிவைப்பது பலன் தரும்.

தண்ணீருக்குள் நின்றுவிட்டால் அங்கேயே உதைக்காதீர்கள். தள்ளிக்கொண்டு கரைக்கு வாருங்கள், ஆனால் தள்ளி ஸ்ராட் பண்ண வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: 100 சிசி எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஏறத்தாழ 12 மில்லிலீற்றர்தான். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் 15. தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. கிக்கர் பாதியில் முட்டி நிற்பது அதனால்தான், அதற்கு மேல் பலம் போட்டால் பிஸ்டனைத் தாங்கும் கொனெக்ரிங் றொட் வளையும். சின்னச் செலவோடு முடிய வேண்டியது எஞ்சினை அடியோடு பிரிக்கும் வேலையாகும்.

சாவியை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். சைலன்சரின் பின்முனை தாழும்படி வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி வடியவிடுங்கள். பிளக் இல்லாமலே இருபது முப்பது தடவை கிக்கரை மெதுவாக மிதித்தால் உள்ளே இருப்பது துளைவழியாகத் தெறிக்கும், முகத்தை விலக்கி வையுங்கள். பிறகு ஒயில் பார்க்கும் கோலை இழுத்துப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறமென்றால் அந்த ஒயிலோடு ஒரு கிலோமீற்றர்கூட ஓடக்கூடாது. வடித்து, மலிவான 20-50 ஒயில் ஊற்றி (இந்த வண்டிகளுக்கு ஒரு லீற்றர் அளவு பிடிக்கும்), ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, அதையும் வடித்த பிறகுதான் நல்ல ஒயில். ஒருமுறை மட்டும் மாற்றினால் மூலைகளில் நிற்கும் தண்ணீர் புதியதையும் வெளுக்கச் செய்யும்.

இன்ஜெக்ஷன் வண்டிகளில் காபரேற்றர் தொல்லை இல்லை. அங்கே சிக்கல் சென்சர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடிப்பதும், பற்றரி இறங்கினால் உதைத்தும் ஓடாததும்தான். ஒவ்வொரு புரட்டாசியிலும் இணைப்புகளைக் கழற்றித் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் வைத்துப் பூட்டுங்கள். வெள்ளச்சேறு போக அழுத்தத் தண்ணீர் அடிப்பது எந்த வண்டிக்கும் வேண்டாம். மழையால் போகமுடியாத இடத்துக்கெல்லாம் அது தண்ணீரைக் கொண்டுபோய்விடும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பலர் பிறேக்கை மறந்துவிடுகிறார்கள். டிறம் பிறேக் தண்ணீரில் மூழ்கி எழும்பினால் முதல் சில நூறு மீற்றருக்குப் பிடிக்காது. இரண்டாம் கியரில், கொஞ்சம் றேஸோடு, பின்பிறேக்கை லேசாக மிதித்தபடியே போங்கள். சூடேறிக் காய்ந்து பிடிக்கத் தொடங்கியது காலுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வேகம் கூட்டலாம்.