கம்பளையில் வெள்ளத்தில் மூழ்கிய மில்லுக்கு வயரிங் பார்த்த பாஸ்: ஒரு விமர்சனம்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி ஆறு கம்பளைக்குள் வந்தபோது எங்கள் மிளகாய் மில்லில் நெஞ்சளவுக்குத் தண்ணீர். சேறு அள்ள ஆட்கள் கிடைத்தார்கள். மின்சாரத்தைப் பார்க்கத்தான் நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை. முதலில் வந்தவர் சுவரைத் தொட்டுப் பார்த்து, "காய்ஞ்சிருச்சு அக்கா, மெயினைப் போட்டுப் பார்ப்போம்" என்றார். அவரை டீ குடிக்க வைத்து அனுப்பிவிட்டேன்.

அப்புறம் நாவலப்பிட்டிப் பக்கமிருந்து வந்தவர்தான் இந்த வயரிங் பாஸ் (வேலை தெரிந்த மேஸ்திரியை நாங்கள் பாஸ் என்போம்). பெயரைப் போட வேண்டாம் என்கிறார், இருக்கிற வேலையே போதுமாம்.

வந்ததும் அவர் செய்தது மெயின் சுவிட்சை இறக்கியதுதான். ஊரில் கரண்டே இல்லையே என்றேன். "நீங்க சேத்துல நின்னு கழுவிக்கிட்டு இருக்கும்போது லைனைக் குடுத்துட்டா என்ன செய்வீங்க அக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே இவருக்குப் பாதி மார்க் கொடுக்கலாம்.

மீதி மார்க் மெகர் மீட்டருக்கு. நம் ஊர் வயர்மேன்கள் பலர் சட்டைப் பையில் ஒரு டெஸ்டரோடு வருகிறார்கள். அது கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் காட்டும். வயரின் உறை கெட்டுக் கசிகிறதா என்று பார்க்க மெகர் வேண்டும். பல்புகளையும் பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு சர்க்கியூட்டாக 500 வோல்ட் கொடுத்துச் சோதித்தார். உறையின் தடை 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைன் தேறாது. மேலே போகிற லைட் லைன் தேறியது. கீழே உள்ள பிளக் லைன் இரண்டும் தேறவில்லை. சுவர் வெளியே காய்ந்துதான் இருந்தது. வயரை இழுத்ததும் உள்ளே புதைத்த குழாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஒழுகியது.

எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது பிரேக்கர் பெட்டியில்தான். கரண்ட் கசிந்தால் தானே விழுகிற டிரிப் சுவிட்ச் இருக்கிறதே, லைன் வந்ததும் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் டக்கென்று விழும், அதற்கு ஏன் புதிது என்று நான் கேட்டேன். பேசாமல் பழைய பிரேக்கர் ஒன்றைப் பிளந்து காட்டினார். ஸ்பிரிங்கிலும் தொடுமுனையிலும் பொடி மண். இன்றைக்கு விழும், ஷார்ட் ஆகிற அன்றைக்கு ஒட்டிக்கொள்ளும், காய வைத்துப் பயனில்லை என்றார். 30 மில்லிஅம்பியர் டிரிப் சுவிட்சையும் பிரேக்கர்களையும் மொத்தமாக மாற்ற வேண்டியதாயிற்று. பின்வாசலில் மண் அரித்து எர்த் கம்பி பாதி வெளியே நின்றதையும் அவர்தான் கண்டுபிடித்தார், வேறு இடத்தில் புதிதாக அடித்துக் கொடுத்தார்.

மீட்டரின் சீலைத் தொடவே இல்லை. அது மின்சார சபையின் வேலை, 1987க்கு எடுங்கள் என்றார். பக்கத்துக் கடைக்காரர் ஜெனரேட்டரிலிருந்து இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைச் சுவரில் சொருகியிருந்ததைப் பார்த்து அங்கே போய்ச் சண்டையே பிடித்துவிட்டார். அந்தக் கரண்ட் திரும்பி லைனுக்கு ஏறினால் கம்பத்தில் நிற்கும் ஊழியர் மேல்தான் பாயும். லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்றாகச் சேரவிடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடாமல் ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது என்று எனக்கும் சேர்த்துத் திட்டு, என்னிடம் ஜெனரேட்டரே இல்லை!

குறைகளும் உண்டு. சொன்ன நேரத்துக்கு வரமாட்டார், போனையும் எடுக்கமாட்டார். மோட்டார் வேலை செய்வதில்லை. எங்கள் த்ரீ ஃபேஸ் மோட்டாரைக் கண்டிக்கு அனுப்பி, சூட்டில் காய வைத்து வார்னிஷ் போட வேண்டியிருந்தது, அந்தச் செலவு தனி. பில்லில் "சாமான், கூலி" என்று இரண்டே வரி எழுதித் தந்தார். நான் உட்கார வைத்துப் பிரித்து எழுதி வாங்கினேன். நட்டஈடு கேட்கப் போகிறவர்கள் இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கூலி மற்றவர்களைவிடக் கூடுதல்தான், ஆனால் நான் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

ஐந்துக்கு நான்கு. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கும் வருவார், ஆனால் ஒரே வயரில் நாலு காம்பராவுக்குக் கரண்ட் போகிற இடமென்றால் நாலு வீட்டுக்காரரும் அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவிப் பையைத் திறக்கவே மாட்டார். நம்பர் வேண்டுமானால் மில்லுக்கு வந்து கேளுங்கள், ஞாயிறு மூடியிருக்கும்.