எச்டி டிவிடியும் புளூ-ரேயும்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிவது

எச்டி டிவிடியும் புளூ-ரேயும் உயர்தெளிவுப் படங்களுக்காகப் போட்டியிட்ட இரண்டு வட்டு வடிவங்கள். 2008 பிப்ரவரி 19இல் தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. அந்த வட்டுகளை இன்னும் வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றையும் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். அக்காலத்து வட்டுகளில் சில நடுப்படத்தில் உறைந்து நிற்கின்றன. மேலே ஒரு கீறலும் இருக்காது; உள்ளே தரவு அடுக்கு கெட்டிருக்கும். துடைத்துப் பயனில்லை.

புளூ-ரேயில் தரவு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. எச்டி டிவிடியில் 0.6. டிவிடிக்குச் செய்வதுபோல் பாலிஷ் போட்டால் புளூ-ரேயின் கடினப் பூச்சு போய்விடும். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தால் போதும். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும். கேமரா லென்ஸ் வைக்கும் டிரை கேபினெட்டில் 45-50 சதவீதத்தில் வையுங்கள்.

சென்னையில் வாங்கும் புளூ-ரேயின் பின்னட்டையில், எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்று காட்டும் மண்டல எழுத்தைப் பாருங்கள். இந்தியா 'சி', சிங்கப்பூர் 'ஏ'. 'சி' மட்டும் போட்டிருந்தால் சிங்கப்பூரில் வாங்கிய பிளேயர் ஏற்காது. எச்டி டிவிடியில் இந்தத் தொல்லை இருந்ததில்லை, 4கே புளூ-ரேயிலும் இல்லை.

பெரிய சிக்கல் ஏஏசிஎஸ் என்ற நகல் தடுப்புப் பூட்டு. இரு வடிவங்களுக்கும் அதுதான். புதிய வட்டைப் போட்டதும், செல்லாது என்று அறிவிக்கப்பட்ட மென்பொருள்களின் பட்டியல் கணினி டிரைவுக்குள் பதிந்துவிடும். நேற்றுவரை ஓடிய பழைய மென்பொருள் பிறகு பழைய வட்டுகளையும் திறக்காது. வீட்டுப் பிளேயர் புதுப்படத்தை மறுத்தால் முதலில் அதன் ஃபர்ம்வேரை, அதாவது உள்மென்பொருளைப் புதுப்பியுங்கள். கணினியில் 4கே வட்டு ஓட்ட இன்டெல் சிப்பில் இருந்த எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது. 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப் முதல் அது இல்லை. வட்டை அப்படியே ஐஎஸ்ஓவாக, அதாவது முழு வட்டையும் ஒரே கோப்பாக, எடுத்து வைத்தாலும் ஓடாது. பூட்டின் திறவுகோலுக்கு வேண்டிய வால்யூம் ஐடி என்ற அடையாள எண் சாதாரண வாசிப்பில் வராத இடத்தில் இருக்கிறது. ஆனால் அப்படி எடுத்துப் பார்ப்பது எந்த வட்டு கெடத் தொடங்கியது என்று காட்டிக்கொடுக்கும்: வாசிப்புப் பிழை வந்தால், மாற்று வட்டு கிடைக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

வாங்கியவருக்கு ஒரு நகல் தர 'மேனேஜ்ட் காப்பி' என்ற ஏற்பாடு ஏஏசிஎஸ் உடன்படிக்கையிலேயே இருந்தது. வீடுகளுக்கு அது வந்து சேரவில்லை. சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டமும் பூட்டைத் தாண்டுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய படம், வட்டு கெட்டதும் போய்விடுவது நியாயமில்லை. சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒரு நகல் எடுக்கச் சட்டம் வெளிப்படையாக இடம் தர வேண்டும். அதுவரை, ஓடும் பிளேயர் ஒன்றை உபரியாக வாங்கி வைப்பதே வழி. மாதம் ஒருமுறை அதையும் ஓட்டுங்கள்.