குகைக்குள்ளிருந்து ஒரு போர்: ‘லெட்டர்ஸ் ஃப்ரம் ஈவோ ஜீமா’

எங்கள் வீட்டில் ‘ஜப்பான்காரன் காலம்’, அதாவது ஜப்பானியர் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலம், என்ற பேச்சு வந்தாலே எல்லோருக்கும் குரல் தணிந்துவிடும். மலாயாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து என் தாத்தாவையும் அவர் தம்பியையும் 1943-ல் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். தாத்தா மட்டும் திரும்பி வந்தார். அதற்கப்புறம் சாகும்வரை தண்டவாளத்தைத் தாண்டும்போது சிலிப்பர் கட்டையில் கால் வைத்ததில்லை, சல்லிக்கல்லில்தான் மிதிப்பார். ஜப்பானியச் சிப்பாயின் பக்கம் நின்று சொன்ன போர்ப்படத்தை அப்பாவுக்குப் போட்டுக் காட்டலாமா என்று அதனால்தான் ரொம்ப நாள் தயங்கினேன். டிவிடி வாங்கி வந்து ஒரு வருடம் அலமாரியிலேயே கிடந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சரி என்று எடுத்துப் போட்டேன்.

2006-ல் வந்த படம். எடுத்தவர் கிளின்ட் ஈஸ்ட்வுட். தன் நாட்டுப் படை சண்டை போட்ட தீவை, ஓர் அமெரிக்கர் எதிரியின் குகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஏறக்குறைய முழுவதும் ஜப்பானிய மொழியிலேயே எடுத்திருக்கிறார். அமெரிக்கத் தரப்பைச் சொல்லும் ‘ஃப்ளாக்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்’ படத்தையும் அதே ஆண்டில் அவரே தந்தார். இரண்டில் எனக்கு ஒட்டியது இதுதான்.

ஈவோ ஜீமா எரிமலைச் சாம்பல் மூடிய சின்ன ஜப்பானியத் தீவு. கந்தக நாற்றம், நல்ல தண்ணீர் கிடையாது. 1945 பிப்ரவரி 19-ல் அமெரிக்கர்கள் கரையிறங்கினார்கள். தீவிலிருந்த ஜப்பானியர் ஏறக்குறைய 21,000 பேர். உயிரோடு மிஞ்சியவர்கள் சுமார் ஆயிரம் பேர். அமெரிக்கர்கள் பக்கமும் கிட்டத்தட்ட 6,800 பேர் செத்தார்கள். ஜப்பானியத் தளபதி குரிபாயாஷி தீவுக்கு வந்ததும் கடற்கரையில் பதுங்குகுழி வெட்டுவதை நிறுத்திவிட்டு, மலையைக் குடைந்து சுரங்கம் போடச் சொல்கிறார். கத்திக்கொண்டே எதிரி மேல் பாய்ந்து வீணாகச் சாகக் கூடாது என்றும் கட்டளையிடுகிறார். இதெல்லாம் நிஜத்தில் நடந்தது.

ஆனால் படத்தின் உயிர் தளபதி இல்லை, சைகோ என்ற ரொட்டிக் கடைக்காரன். முதலில் பார்க்கும்போதே மண்வெட்டியோடு நிற்கிறான், நமக்கு நாமே குழி தோண்டுகிறோமா என்று புலம்புகிறான். அவன் கடைப் பலகாரங்களை ராணுவப் போலீஸ் எடுத்துக்கொண்டு போகிறது. எடுக்க ஒன்றும் மிஞ்சாதபோது இரும்புச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் அப்பா வாயைத் திறந்தார்: “இவன் கடையையும் புடுங்கிட்டாங்களா?” அதுவரை கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தவர்.

படைக்கு வரச் சொல்லும் ஓலை வரும் ராத்திரியைப் பாருங்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கதவைத் தட்டி, வாழ்த்துச் சொல்லி அதைக் கொடுக்கிறார்கள். வாழ்த்து! மனைவி பிள்ளைத்தாய்ச்சி. சைகோ அவள் வயிற்றில் காதை வைத்து, இது ரகசியம், யாரிடமும் சொல்லாதே, அப்பா உயிரோடு திரும்பி வருவேன் என்று உள்ளே இருக்கும் குழந்தையிடம் சொல்கிறான். உயிரோடு வருவேன் என்பதை ரகசியமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வருடமாக எங்கள் வீட்டுக் கதைகளில் வந்த ஜப்பான்காரனுக்கு வீடு இருந்ததே இல்லை, காக்கிச் சட்டையும் துப்பாக்கியும்தான் இருந்தன. குரிபாயாஷியும் சாவை எதிர்பார்த்துக்கொண்டே, வீட்டு அடுப்பங்கரைத் தரையைச் சரிசெய்யாமல் வந்துவிட்டோமே என்று மனைவிக்குக் கடிதம் எழுதுகிறார்.

தீவின் சுரிபாச்சி மலைக் குகையில் வரும் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. மலை கைவிட்டுப் போகிறது, பின்வாங்கு என்று கட்டளை, இருந்தும் அதிகாரி சாகச் சொல்கிறான். ஒவ்வொருவனாகக் கையெறிகுண்டை எடுத்துத் தலைக்கவசத்தில் தட்டி மார்போடு அணைத்துக்கொள்கிறான். தட்டும் சத்தம், ஒரு இடைவெளி, அப்புறம் வெடி. மறுபடியும் தட்டும் சத்தம். அந்த இடைவெளிதான் தாங்க முடியவில்லை. வீர இசை எதுவும் இல்லை. இதயம் பலவீனமானவர்கள், குழந்தைகளோடு பார்ப்பவர்கள் இந்த இடத்துக்குத் தயாராக இருங்கள்.

காயம்பட்ட அமெரிக்கப் பையன் ஒருவனைப் பிடித்து வைத்து மருந்து போடுகிறார்கள். அவன் செத்ததும் அவன் அம்மா எழுதிய கடிதத்தை, 1932 ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் தங்கம் வாங்கிய நிஷி என்ற அதிகாரி, ஜப்பானிய மொழியில் வாசித்துக் காட்டுகிறார். வீட்டு நாய்கள் வேலிக்கடியில் குழி பறித்த சேதி அதில் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நிற்கிறார்கள். ஷிமிசு என்ற இளம் சிப்பாய், என் அம்மா எழுதுவதும் இப்படித்தான் இருக்கும் என்கிறான்.

ஒரு குறை எனக்குப் பெரிதாகவே படுகிறது. படத்தில் நாம் அதிகம் விரும்பும் அதிகாரிகள் குரிபாயாஷி, நிஷி இருவருமே அமெரிக்காவைப் பார்த்துப் பழகியவர்கள். அந்த நாட்டைத் தெரியாத, முழுக்க நம்பிச் சண்டை போட்ட அதிகாரி வெறும் முரடனாகவே வந்து போகிறான். அவன் மனசுக்குள்ளும் போயிருக்கலாம். இதே ராணுவம் மலாயாவில், சீனாவில் செய்தது எதுவும் அந்தத் தீவுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஷிமிசு ஒரு வீட்டு நாயைக் கொல்ல மனசில்லாமல் ராணுவப் போலீஸ் வேலையை இழந்த கதை மட்டும்தான் அதற்கு ஒரு சாளரம். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது போதாது.

ஆனால் தன் நாட்டுச் சிப்பாய்களின் தப்பையும் ஈஸ்ட்வுட் பூசி மெழுகவில்லை. சரணடைந்த ஷிமிசுவைக் காவல் நின்ற அமெரிக்கர்களே சுட்டுப் போடுகிறார்கள்.

படம் 2 மணி 20 நிமிடம் போல ஓடும். நிறமெல்லாம் வடிந்து சாம்பலாக இருக்கும், டிவி பழுதோ என்று பயப்படாதீர்கள். என் டிவிடியில் ஆங்கில வசனவரி இருந்தது, தமிழ் இல்லை. அப்பாவுக்காக நான்தான் வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தேன். தேவைப்பட்டவர்கள் என்னைப் போல அங்கங்கே நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

முடிந்ததும் அப்பா எழுந்திருக்கவில்லை. தாத்தா தன்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னதாக, எனக்கு அதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார். சயாமில் அவர்கள் படுத்திருந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்கு வெளியே ஒரு சின்னப் பையன் காவல் நிற்பானாம். ஒரு ராத்திரி மழையில் நின்றபடி விசும்பி விசும்பி அழுதானாம். “நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன், பார்த்தேன், ஆனா எனக்கு இரக்கமே வரலடா” என்றாராம் தாத்தா. பக்கத்தில் அவர் தம்பி காய்ச்சலில் கிடந்த ராத்திரி அது.