37,000 ரூபாய் போச்சுங்க, குளிர்கால ட்ரெக் புக் பண்றவங்க இத ஒருக்கா படிச்சுருங்க

ஒதடு வெடிச்சது இன்னும் ஆறல, அதுக்குள்ள அந்த பேஜ்காரன் என்னைய பிளாக் பண்ணிட்டான். எனக்கு 18,500, என்ற மச்சானுக்கு 18,500, மொத்தம் 37,000 ரூபாய். டிசம்பர் ஜனவரில இமயமலை பக்கம் ட்ரெக் போலாம்னு ரோசனைல நம்மூர் பசங்க நெறைய பேரு இருப்பீங்க, உங்களுக்காகத் தான் இந்த நேரத்துக்கு உக்காந்து டைப் பண்ணிட்டு இருக்கறேன். என்னென்ன செக் பண்ணணும்னு கடைசில லிஸ்ட் போடறேன், மொதல்ல நடந்தத சொல்லிர்றேன். பேஜ் பேரு கேக்காதீங்க. தெரிஞ்ச வக்கீலண்ணன் ஒருத்தரு கம்ப்ளெயிண்ட் நடக்கறப்ப பேரு போட வேண்டாம்னுட்டாரு. ரீல்ஸ் போட்டு ஆள் சேத்து மலைக்கு கூட்டிட்டு போற டைப், ஆபீஸ் கெடையாது போர்டு கெடையாது, அவ்வளவு தான்.

போனது கேதார்காந்தா. உத்தராகண்ட்ல உத்தரகாசி மாவட்டம், டேராடூன்ல இருந்து மசூரி, புரோலா, மோரினு ஒரு பகல் பூரா வண்டில போனா சாங்க்ரினு ஒரு ஊரு, அங்கிருந்து நடை. உச்சி 12,500 அடி, அதாவது 3,800 மீட்டர் பக்கம். நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர் தான், பாத்துக்குங்க. குளிர்காலத்துலயும் ஏறலாம்ங்கறதால எல்லாரும் இங்க தான் வர்றாங்க, புதுசா போறவங்களுக்கு ஈஸினு எங்க பாத்தாலும் எழுதி வெச்சிருக்கறாங்க. ஈஸி தானுங்க, மேல போடற துணியும் ராத்திரி படுக்கற பையும் சரியா இருந்தா.

இந்த பேஜ் நடத்தற பையன் மத்தவங்களாட்ட மெசேஜ்லயே பேசி காசு வாங்கல, அது தான் வெசயம். நேர்லயே வந்தான். திருப்பூர் அவிநாசி ரோட்டுல ஒரு பேக்கரில உக்காந்தோம். "ஏனுங்ண்ணா, டெல்லிக்காரன்கிட்ட புக் பண்ணி நாளைக்கு அங்க ஒண்ணுன்னா இந்தில யாருங்ண்ணா சண்டை போடறது? நான் காங்கயத்துக்காரனுங், நம்மாளுக நம்மள நம்பாட்டி எப்படிங்ண்ணா"ன்னான். மச்சானுக்கு அத்தை ஊடு காங்கயம் பக்கம், ஒடனே கண்ணபுரம் மாட்டுச்சந்தைல ஆரம்பிச்சு தேர்நோம்பி வரைக்கும் ரெண்டு பேரும் பேச்சு, நடுவுல நான் ஒருத்தன் உக்காந்திருக்கறதே தெரியல. மத்த பேஜ்ல ரேட்டு இதவிட கம்மி தான். ஆனா இவன் தமிழ் கைடு, டேராடூன்ல இருந்து வண்டி, டென்ட், சாப்பாடு, ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், பூட்ஸ் வாடகை எல்லாம் உள்ள அடங்கும்னான்.

அப்பறம் பைய தொறந்து ஒரு ஜாக்கெட்ட எடுத்து டேபிள் மேல வெச்சான். நான் பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர், துணி கைக்கு வந்தா சும்மா இருக்க மாட்டேன். உள்பக்கம் திருப்பி தையல் பாத்தேன், லேபிள் பாத்தேன், உள்ள நல்ல டவுன் ஃபில்லிங், அதாவது பறவையோட மெல்லிசு எறகு அடைச்சது. வெளித்துணிய வாயோட சேத்து வெச்சு ஊதிப் பாத்தேன், மூச்சு அந்தப்பக்கம் போகல. காத்து தடுக்கற துணினா அப்படித் தான் இருக்கோணும். "இதே பீஸ் தானுங்ண்ணா அங்க உங்க கைக்கு வரும்"னான். இன்னைக்கு ராத்திரியோட ஆஃபர் முடியுதுன்னும் சொன்னான், அங்கயே ஜிபேல 37,000 போட்டுவிட்டேன். டீக்காசு அவன் தான் குடுத்தான், ஏங்க, 37,000 வாங்குனவன் டீக்காசு குடுக்க மாட்டானா.

சாங்க்ரி போய் எறங்குனா தமிழ் கைடும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. ஒரு ரூம்ல மூட்டையாட்ட துணிய குவிச்சு வெச்சு எடுத்துக்கோங்கன்னாங்க. எனக்கு வந்தது சாதாரண பாலியெஸ்டர் ஃப்லீஸ், துணி கனம் 180 ஜிஎஸ்எம் கூட தேறாது, தோள்பட்டைல பூரா நூல் உருண்டு உருண்டையா நிக்குது, மேல போடறதுக்குனு ஒரு மெல்லிசான விண்ட்சீட்டர். அதே மாதிரி வாய் வெச்சு ஊதுனேன், காத்து சும்மா ஜம்முனு அந்தப்பக்கம் போகுது. ஃப்லீஸ் சூட்ட புடிச்சு வெக்கும், காத்த தடுக்காது, அதுக்கு மேல காத்து போகாத துணி ஒண்ணு இருந்தே ஆகோணும், இது எங்க லைன்ல டெய்லரிங் பசங்களுக்கே தெரியும்.

ஸ்லீப்பிங் பேக் கதை இன்னும் மோசம். அதுல கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம்னு மூணு நம்பர் போட்டிருக்கும். கம்ஃபர்ட் தான் நிம்மதியா தூங்கறதுக்கு. எக்ஸ்ட்ரீம்ங்கறது அந்த குளிர்ல உசுரு தப்பிச்சா போதும்ங்கற கணக்கு. எங்க பேக் லேபிள்ல கம்ஃபர்ட் ப்ளஸ் 5, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 10. இத தான் இவன் "மைனஸ் டென் பேக்குங்ண்ணா"னு சொல்லி ஏமாத்திருக்கறான். மச்சானோட பேக்ல ஜிப் பாதில நிக்குது, அங்கருந்து ஊக்கு குத்தி வெச்சிருந்தாங்க. ஐஸ்ல வழுக்காம இருக்க பூட்ஸுக்கு அடில மாட்டற மைக்ரோஸ்பைக்ல ஒரு பக்கம் சங்கிலி அறுந்து கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்துச்சு. அங்கிருந்தே பையனுக்கு போன் அடிச்சேன். "அங்க வெண்டர் மாத்தி குடுப்பாங்ண்ணா, நான் சொல்லிர்றேன்"னான். அதுக்கப்பறம் எடுக்கல.

பனியும் அப்படித்தான். ரீல்ஸ்ல முட்டி வரைக்கும் பனில பொதையறாங்க, ஸ்னோ கேரண்டினு எழுதி வேற இருந்துச்சு. அது ஜனவரி பிப்ரவரில எடுத்தது. டிசம்பர் மொத வாரத்துல பனி விழுந்தா விழுந்துச்சு இல்லாட்டி இல்ல, நாங்க போனப்ப அங்கங்க திட்டுத்திட்டா கெடந்தது ராத்திரில எறுகி வழுக்கற ஐஸாயிருச்சு. பஞ்சாட்ட பனில நடக்கறதவிட இது தான் டேஞ்சர்.

மொத கேம்ப் ஜூடா கா தாலாப், மரம் சுத்தி இருக்கறதால சமாளிச்சோம். அதுக்கு மேல பேஸ் கேம்ப் 11,000 அடிக்கு மேல, அங்க பொட்டுத் தூக்கம் இல்ல. காத்தால மூணு மணிக்கு உச்சிக்கு கெளம்பணும். மேல போகப்போக மரமெல்லாம் முடிஞ்சு வெறும் முகடு, அங்க அடிச்சது பாருங்க காத்து. வெள்ளியங்கிரி ஏழாவது மலைல விடியக்காலம் நின்னவங்களுக்கு காத்துன்னா என்னன்னு தெரியும், அது இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. மைனஸ் 10 டிகிரில மணிக்கு 40 கிலோமீட்டர் காத்து அடிச்சா ஒடம்புக்கு அது மைனஸ் 21 மாதிரினு விண்ட் சில் கணக்கு சொல்லுது. பாட்டில் மூடி தண்ணியோட ஒறஞ்சு தொறக்க வரல. மச்சான் பேச்சு நின்னு போச்சு, கைய நீட்டறான், வெரலு நுனி வெள்ளையா கெடக்குது, கிள்ளுனா தெரியலங்கறான். கூட வந்த கைடு அந்த ஊர் ஆளு, ஒரு வார்த்தை பேசல, மச்சான் க்ளவுஸ கழட்டி ரெண்டு கையையும் தன் ஜாக்கெட்டுக்குள்ள அக்குள்ல வெச்சுக்கிட்டாரு. வெரல்ல கொஞ்சம் உணர்ச்சி வந்தப்பறம் "நீச்சே சலோ"ன்னாரு, கீழ போலாம்னு. உச்சி கண்ணு முன்னாடி தெரியுது. எறங்கிட்டோம்.

அந்த மனுசன் மேல எனக்கு துளி கோவமில்லைங்க. கீழ வந்து பேசுனா அவருக்கு இந்த பேஜ் யாருன்னே தெரியல. திருப்பூர்ல காசு வாங்குனவன் டெல்லில ஒருத்தனுக்கு ஆள வித்திருக்கறான், அவன் டேராடூன்ல ஒருத்தனுக்கு, அவன் சாங்க்ரில ஒருத்தனுக்கு. ஒவ்வொருத்தனும் தன் பங்கு எடுத்தப்பறம் மிச்சத்துக்கு வர்றது தான் கட்டுக்கம்பி போட்ட ஸ்பைக். நம்ம ஊர்ல ஜாப் ஆர்டர் கை மாறி கை மாறி போனா கடைசில பீஸ் என்ன தரத்துல வரும், அதே கதை.

ஊருக்கு வந்து கேட்டேன். மொதல்ல "வெண்டர்கிட்ட பேசிட்டு சொல்றேங்ண்ணா". அப்பறம் அக்கவுண்ட்ஸ் பாக்கற புள்ள லீவுல இருக்குது. அக்கவுண்ட்ஸ் டீமாம், காசு போனது இவன் சொந்த நம்பருக்கு! அப்பறம் "வெதர்னால திரும்புனா ரீஃபண்ட் கெடையாதுனு டெர்ம்ஸ்ல இருக்குதுங்ண்ணா". தம்பி, நாங்க வெதருக்கு திரும்பல, நீ குடுத்த துணிக்கு திரும்புனோம், கூட வந்ததுல சொந்த ஜாக்கெட் போட்டிருந்தவங்க அதே காத்துல மேல போயிட்டு வந்துட்டாங்கன்னேன். அதுக்கு என்ன சொன்னான் தெரியுங்களா? "போச்சாது உடுங்ண்ணா, அடுத்து பிப்ரவரில வெள்ளியங்கிரி போறோம், உங்களுக்கு 2,000 டிஸ்கவுண்ட் போட்டுத் தர்றேன்." வெள்ளியங்கிரிக்குங்க! அடிவாரம் பூண்டிக்கு பஸ் காசும் ஒரு மூங்கில் தடியும் இருந்தா போற மலைக்கு எனக்கு டிஸ்கவுண்ட். நெம்ப கோவத்துல போட்டோவெல்லாம் சேத்து அவன் பேஜ்ல கமெண்ட் போட்டேன், அழிச்சான், திருப்பிப் போட்டேன், பிளாக்.

மச்சான் வெரல்ல இன்னும் நுனி மரத்தாப்பல இருக்குதுனு சொல்லிட்டிருக்கறான், டாக்டர் நல்லாயிரும்னிருக்கறாரு. அக்காவுக்கு இன்னும் முழுசா சொல்லல.

சரி லிஸ்ட்டு. மணி ஒண்ணாகப் போகுது, சுருக்கமா சொல்றேன். மலைல கூட வந்து நடத்தப்போறது யாருன்னு கேட்டு அந்த ஆளோட நம்பர்ல நீங்களே பேசுங்க, பேச விடலன்னா காசு போடாதீங்க. ஸ்லீப்பிங் பேக்குக்கு கம்ஃபர்ட் நம்பர் என்னன்னு எழுதி வாங்குங்க. மேல் ஜாக்கெட்டும் க்ளவுஸும் சொந்தமா கொண்டு போங்க, ஊதிப் பாத்து வாங்குங்க, உள்ள காட்டன் பனியன் வேண்டாம், வேர்வைய குடிச்சுட்டு குளிரும் (பனியன் ஊர்க்காரன் நானே சொல்றேன்). தனி ஆள் ஜிபே நம்பருக்கு முழுசா அனுப்பாதீங்க, பில் கேளுங்க.

காசு போனவங்க 1915க்கு கூப்பிடுங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன். நான் கூப்பிட்டு பதிஞ்சிருக்கறேன். நுகர்வோர் கோர்ட்டுல 2019 சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாதுனு வக்கீலண்ணன் சொன்னாரு. அந்த 37,000 வந்தாலும் வராட்டியும் போடத் தான் போறேன். இதே பையன்கிட்ட இதே பேக்கரில உக்காந்து காசு குடுத்தவங்க யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ் வாங்க, ஸ்கிரீன்ஷாட் பத்திரமா வெச்சுக்கோங்க, சேந்தே போடலாம்.