எம்எக்ஸ்-5 அலைன்மென்ட்: 20 மாதமும் ஒரு பழைய போல்ட்டும்

இங்கே டர்பனில், பீனிக்ஸ் பகுதியில் இருக்கும் என் மச்சான் போன வாரம் ஒரு டொயோட்டா 86 வாங்கினான். வாங்கிய அன்றே போன். "உன் மாஸ்டா எம்எக்ஸ்-5க்குத் தனியா அளவு சொல்லி வீல் அலைன்மென்ட் செஞ்சியே, எப்படி இருக்கு? நானும் செய்யட்டுமா?" என்று கேட்டான். அன்று காலைதான் எம்4 சாலையில் உம்ஷ்லாங்கா வரை போய் வந்திருந்தேன், போக வர சாய்ந்து நிற்கும் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு நல்ல கோபம், அதனால் போனில் ஏதேதோ சொல்லிவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன், அவனுக்கும் இதே கேள்வி உள்ள மற்றவர்களுக்கும்.

என் வண்டி 2010 என்சி, அதாவது எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை வண்டியின் மூன்றாம் தலைமுறை, மடிக்கும் கூரை வைத்தது. முன்பு வைத்திருந்தவர் பிளஃப் பக்கம் கடலைப் பார்த்த வீட்டில் இருந்தவர், நான் இருப்பது இசிபிங்கோ. இந்த வண்டி உப்புக்காற்று இல்லாத ஒரு ராத்திரியைக்கூடப் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாத் தொல்லைக்கும் வேர் இதுதான்.

அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது. சாதாரண டயர் கடையில் பெரும்பாலும் முன் சக்கரங்களின் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம்) மட்டும் திருத்துவார்கள். அளவு வரம்புக்குள் வந்து திரையில் கட்டங்கள் பச்சையானதும் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பச்சைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இடது சக்கரம் பச்சையின் ஒரு ஓரத்திலும் வலது சக்கரம் மறு ஓரத்திலும் நின்றாலும் அது பச்சைதான். என் வண்டி அப்படித்தான் இருந்தது. காகிதத்தில் குறையே இல்லை, நெடுஞ்சாலையில் லாரி கடந்து போனால் மட்டும் வண்டி எங்கே போகலாம் என்று யோசிக்கும்.

எம்எக்ஸ்-5இன் அருமை என்னவென்றால் நான்கு சக்கரத்திலும் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்), டோ இரண்டையும் மாற்றலாம், முன்னால் காஸ்டரையும் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) மாற்றலாம், கூடுதல் சாமான் எதுவும் வாங்க வேண்டாம். மையம் விலகிய வட்டத் தகடு வைத்த போல்ட்கள் எட்டு உண்டு. அதைத் திருப்பினால் சக்கரத்தைத் தாங்கும் கை கொஞ்சம் உள்ளே போகும், வெளியே வரும். திரும்பினால்தானே!

சாட்ஸ்வொர்த்தில் ஒரு சின்னப் பட்டறை. அதை நடத்தும் அங்கிள் முன்பு ரேஸ் வண்டிகளுக்கு வேலை செய்தவர். முதல் நாள் போனதும் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. கீழே படுத்து ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பேனர் வைத்துப் பார்த்தார். முன்னால் உள்ள நான்கும் திரும்பின. பின்னால் நான்கில் மூன்று அசையவில்லை. போல்ட்டும், கையின் முனையில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயும் துருப்பிடித்து ஒன்றாகிப் போயிருந்தன. சூடு காட்டினால் ரப்பர் போய்விடும், அதனால் ரம்பம் வைத்து அறுத்துத்தான் எடுத்தார். புது போல்ட், புது புஷ் வர மூன்று வாரம். அதற்கு 7,000 ரேண்ட், அலைன்மென்ட்டுக்கு 1,900. நான்காவது போல்ட், அதாவது வலது பின் சக்கரத்தின் டோ போல்ட், சுற்றியது. "இது சுத்துது தம்பி, இப்போதைக்கு இருக்கட்டும்" என்றார். பில்லைப் பார்த்துக்கொண்டிருந்த நானும் சரி என்றேன்.

அளவு பார்த்த நாளை மறக்க மாட்டேன். என் எடை என்ன என்று கேட்டார், 80 கிலோ என்றேன். அடுத்த கடையிலிருந்து 10 கிலோ அரிசி மூட்டை எட்டு கொண்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் அடுக்கினார். 1,200 கிலோகூட இல்லாத வண்டியில் ஒரு ஆள் ஏறினாலே வலது பக்கம் இறங்கிவிடும், கேம்பர் மாறிவிடும், காலி வண்டிக்கு அளவு வைத்து என்ன பயன் என்றார். காற்று நான்கிலும் 200 கிலோபாஸ்கல். முதலில் பின் சக்கரம், அப்புறம் முன் சக்கரம். முதலில் கேம்பரும் காஸ்டரும், கடைசியில்தான் டோ, ஏனென்றால் கேம்பரைத் தொட்டால் டோவும் கூடவே நகரும். முன்னால் கேம்பர் மைனஸ் 1.3 டிகிரி (மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல் பக்கம் உள்ளே சாய்வது), பின்னால் மைனஸ் 1.6, முன் டோ பூஜ்யம், பின் டோ ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்நோக்கி 0.15 டிகிரி, காஸ்டர் இரண்டு பக்கமும் ஒன்று போல. மத்தியானத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூட்டைகளை அவரே திருப்பிக் கொண்டுபோய் வைத்தார்.

மறுநாள் விடியற்காலையில் ஹில்கிரெஸ்ட் தாண்டி பழைய ஆர்103இல் போதாஸ் ஹில், டிரம்மண்ட் வரை போனேன். காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப் பந்தயக்காரர்கள் ஓடும் அதே சாலை, ஒரு பக்கம் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு. அந்த வளைவுகளில் முன்பெல்லாம் நுழையும்போது ஒரு திருப்பு, பாதியில் இன்னொரு திருத்தம், வெளியே வரும்போது மறுபடி ஒன்று என்று மூன்று முறை கை வேலை செய்யும். அன்று ஒரே முறை. திருப்பினேன், போனது, கையைத் தளர்த்தினேன், ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வந்து நின்றது. சாலையில் ஒட்டுப்போட்ட தார் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதுகூட உள்ளங்கையில் தெரிந்தது. எஞ்சினில் ஒரு திருகையும் தொடவில்லை, ஆனாலும் வேறு வண்டி. திரும்பி வரும்போது ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே வண்டி கோடு போட்டது போல வந்தது. 14 மாதம் இப்படியே ஓடியது. முன் டயர்களின் உள் விளிம்பும் வெளி விளிம்பும் ஆழம் பார்த்தால் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

பிறகு புது டயர் வாங்கினேன். நான்கு டயருக்கு அலைன்மென்ட் இலவசம் என்றார்கள், வேண்டாம் என்று வாயால் சொன்னேன், பில்லில் எழுதிக் கேட்கவில்லை. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முன் டோவைத் திருப்பிப் "பச்சை" ஆக்கி வைத்திருந்தார்கள். புது டயர் போட்டவர்களுக்கு நல்லது செய்ததாகவே அவர்கள் நினைத்தார்கள், முகத்தில் தெரிந்தது. அந்த வாரமே மழைக்குப் பிறகு எம்4இல் தண்ணீர் நின்ற குழி ஒன்றில் வலது பின் சக்கரம் இறங்கியது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நம் பக்கத்துச் சாலைகளைப் பற்றி டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபடி சாட்ஸ்வொர்த். புனித வெள்ளிக்கு முந்தின வாரம், எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா கூட்டம் தொடங்கும் முன் முடித்துவிடலாம் என்று போனேன். முன் சக்கரம் பழைய அளவுக்கு வந்தது, வண்டியின் குணமும் திரும்பியது. ஆனால் ஸ்டியரிங் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. நேர் சாலையில் நேராகத்தான் போகிறது, ஸ்டியரிங் மட்டும் நேராக இல்லை. இரண்டே டிகிரி. கூட வருபவர்களுக்குத் தெரியாது. எனக்கு மீட்டரின் விளிம்புக்கும் ஸ்டியரிங் கம்பிக்கும் நடுவே தெரியும் இடைவெளி இடது பக்கம் அதிகம், வலது பக்கம் குறைவு. ஆறு மாதமாக அதைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

அங்கிளிடம் சொன்னேன். "ரோடு சரிவு தம்பி" என்றார். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், மழைநீர் வடிய சாலை இடது பக்கம் சரிந்திருக்கும், உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட சாலையில் வண்டி இடது பக்கம் இறங்கப் பார்க்கும், நாம் ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடிக்க வேண்டிவரும். என்னுடையது இடது பக்கம் சாய்கிறது. சந்தேகம் தீர, ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரு மாலின் காலியான பார்க்கிங்கில் போகும்போதும் வரும்போதும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு திசையிலும் இடது பக்கம்தான்.

அப்புறம் அவர் கொடுத்த காகிதத்தையே எடுத்து வைத்து உட்கார்ந்தேன். பின் டோ: இடது 0.03, வலது 0.33. மொத்தம் பச்சை. ஆனால் வித்தியாசத்தில் பாதி, 0.15 டிகிரி, பின் சக்கரங்கள் இடது பக்கம் பார்த்து வண்டியைத் தள்ளுகின்றன. நேராகப் போக முன் சக்கரங்களும் அதே 0.15 இடது பக்கம் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் விகிதம் 15க்கு 1, அதாவது சக்கரம் ஒரு டிகிரி திரும்ப ஸ்டியரிங் 15 டிகிரி திரும்ப வேண்டும். பெருக்கினால் இரண்டேகால் டிகிரி. கணக்கு அச்சாக விழுந்தது. குழியில் நகர்ந்த அந்த நான்காவது பழைய போல்ட் நகர்ந்த இடத்திலேயே இறுகிவிட்டது, அது திரும்பாததால் இடது சக்கரத்தைக் குறைத்து மொத்தத்தைச் சரிக்கட்டியிருக்கிறார். முன்னால் சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடை இரண்டு பக்கமும் திருப்பி ஸ்டியரிங்கை மட்டும் நேராக்கிவிடலாம், பத்து நிமிட வேலை, ஆனால் வண்டி நண்டு மாதிரி கொஞ்சம் கோணலாகவே போகும். அது எனக்கு வேண்டாம்.

எனக்குக் கோபம் போல்ட் மேல் இல்லை. அரிசி மூட்டை அடுக்கிய மனிதர் "பச்சைதானே" என்ற இடத்துக்கு வந்துவிட்டாரே, அதன் மேல்தான். திரும்பவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே புது போல்ட்டுக்குப் பணம் கொடுத்திருப்பேன். இத்தனைக்கும் டர்பனில் அவரைப் போல வேலை செய்பவரை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

மச்சான், உன் 86 விஷயத்தில் இன்னொன்று. அதில் கம்பெனி கொடுத்தபடி முன்னால் கேம்பரை மாற்ற வழியில்லை, கேம்பர் போல்ட் வாங்க வேண்டும். பின்னால் டோ மட்டும்தான், கேம்பர் வேண்டுமென்றால் கீழ்க்கையையே மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொள். இன்றைக்குக் கேட்டால் என் பதில், செய்யாதே. வலது பின் போல்ட்டும் புஷ்ஷும் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கிள் வரச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு போதாஸ் ஹில் போய் வந்த பிறகு திரும்பக் கேள்.